அயலவரின் இனவெறித் தொல்லை: கவுன்சிலும் ஹவுசிங் அசோசியேஷனும் எதைச் செய்ய வேண்டும்? (இங்கிலாந்து)

#1 வடலி

வணக்கம். இந்தப் பிரிவில் ஒரே கேள்வி வேறு வேறு தலைப்புகளில் வந்துகொண்டே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் நிறத்தையோ மதத்தையோ சொல்லித் திட்டுகிறார், கதவில் எதையாவது எழுதிவிட்டுப் போகிறார். ஹவுசிங்குக்கு (வீட்டை வாடகைக்குத் தந்த கவுன்சிலுக்கோ அசோசியேஷனுக்கோ) சொன்னால் "பொலிஸுக்குப் போங்கள்", பொலிஸுக்குப் போனால் "இது அயல் சண்டை, ஹவுசிங்கோடு கதையுங்கள்". தெரிந்தவர்கள் எல்லோரும் இங்கே ஒரே இழையில் எழுதினால் பிறகு சுட்டி கொடுக்க வசதி.

இங்கிலாந்துச் சட்டம் மட்டும். ஸ்கொட்லாந்து, வேல்ஸ் வேறு. கவுன்சில் வீடும், லாப நோக்கில்லாத ஹவுசிங் அசோசியேஷன் வாடகைக்குத் தரும் வீடும்தான் பேச்சு. யாருடைய பெயரும் முகவரியும் வேண்டாம்.

முதல் கேள்வி: முறைப்பாடு போன முதல் நாளில் ஹவுசிங் என்ன செய்ய வேண்டும்?

#2 கோப்புக்காரன்

முதல் நாளில் நடக்க வேண்டிய பெரிய காரியம், கோப்பை எந்தப் பெயரில் திறக்கிறார்கள் என்பதுதான். "அயல் தகராறு" என்று திறந்தால் அது ஒரு வரிசை. "வெறுப்புச் சம்பவம்" என்று திறந்தால் வேறு வரிசை. பெரும்பாலான நிறுவனங்களின் கொள்கையில் சாதாரணத் தொல்லைக்கு முதல் அழைப்பு சில வேலை நாட்களுக்குள், வெறுப்புச் சம்பவத்துக்கு ஒரே வேலை நாளுக்குள். உங்கள் நிறுவனத்தின் கணக்கு என்ன என்பதை அவர்களுடைய கொள்கைப் பத்திரத்தில் பாருங்கள். 1996 ஹவுசிங் சட்டத்தின் 218ஏ பிரிவின்படி அதை வெளியிட்டே ஆக வேண்டும். "உள்ளகப் பத்திரம், தர முடியாது" என்று சொல்ல முடியாது.

அந்தப் பெயரில் பதிய ஆதாரம் தேவையில்லை. ஸ்டீபன் லோரன்ஸ் என்ற கறுப்பின இளைஞரின் இனவெறிக் கொலை பற்றிய 1999 மக்பேர்சன் அறிக்கையிலிருந்து வரும் விதி இது: பாதிக்கப்பட்டவரோ, வேறு எவரோ, இது இனவெறி என்று கருதினால் அப்படியே பதிய வேண்டும். பொலிஸும் அரச வழக்குத் தொடுநர்களும் இன்று வெறுப்புக் குற்றங்களில் இனம், மதம், பாலீர்ப்பு, மாற்றுத்திறன், திருநர் அடையாளம் என ஐந்துக்கும் இதே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறார்கள். தண்டிக்க ஆதாரம் வேண்டும், பதிய வேண்டாம். இந்த இரண்டையும் குழப்பும் அதிகாரிகள் நிறையப் பேர்.

2024 ஏப்ரல் 1 முதல் சமூக வீட்டு ஒழுங்குபடுத்துநரின் (கவுன்சில், அசோசியேஷன் வீடுகளைக் கண்காணிக்கும் அரச அமைப்பு) அயல், சமூகத் தரவிதி நடைமுறையில் இருக்கிறது. வெறுப்புச் சம்பவங்களைத் தடுக்கவும் கையாளவும் தங்கள் வழி என்ன என்று நிறுவனம் தெளிவாக எழுதி வைக்க வேண்டும். முறைப்பாடு செய்வது எளிதாக இருக்க வேண்டும். கேஸ் எங்கே நிற்கிறது என்று வாடகைதாரருக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். 1,000 வீட்டுக்கு எத்தனை தொல்லைக் கேஸ், அதில் வெறுப்பு சம்பந்தப்பட்டவை எத்தனை என்றும் ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். அதனால் முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேளுங்கள்: "இதை வெறுப்புச் சம்பவம் என்று பதிந்தீர்களா? கேஸ் நம்பர் என்ன?" பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

அடுத்தது ஆபத்து மதிப்பீடு. எத்தனை தரம் நடந்தது, கூடிக்கொண்டு போகிறதா, அவருக்கு உங்கள் நேரகாலம் தெரியுமா, வீட்டில் பிள்ளைகளோ நோயாளியோ உண்டா, தூக்கம் கெடுகிறதா என்று கேட்டுப் புள்ளி போடுவார்கள். நம்மவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். "பரவாயில்லை, சமாளிக்கிறோம்" என்று மரியாதைக்குச் சொல்லும் ஒரு வார்த்தை புள்ளியைக் கீழே இறக்கிவிடும். புள்ளி இறங்கினால் வாரம் ஒரு அழைப்பு மாதம் ஒன்றாகும்.

#3 மாடிப்படி

கோப்புக்காரன் சொன்னது நூறு வீதம் சரி. ஒண்டு மட்டும் சேர்க்கிறன். மதிப்பீட்டுக்கு பிள்ளையை மொழிபெயர்க்க விடாதேங்கோ. பத்து வயசுப் பிள்ளை அந்தக் கெட்ட சொல்லை அப்பிடியே அதிகாரிக்குச் சொல்லுமோ? பாதியை விழுங்கிப் போடும், மிச்சத்தை மென்மையாக்கிப் போடும். தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் வேணும் எண்டு கேளுங்கோ. பொலிஸ் பக்கத்தில அது உங்கட உரிமை, பாதிக்கப்பட்டோர் கோவையில (குற்றத்தால பாதிக்கப்பட்டவைக்கான அரச விதித்தொகுப்பு) முதலாவது உரிமையே விளங்கிறதும் விளங்கப்படுத்திறதும் தான். ஹவுசிங்கும் அநேகமா ஏற்பாடு செய்யும், ஆனா கேட்டாத்தான்.

#4 நீலமை

எழுதும் விதம் பற்றி நான் கொஞ்சம் நீட்டுகிறேன். பாதிக் கேஸ் விழுவது இங்கேதான்.

"பக்கத்து வீட்டுக்காரர் தொடர்ந்து தொல்லை தருகிறார், தயவுசெய்து நடவடிக்கை எடுக்கவும்." இந்த மின்னஞ்சலில் திகதி இல்லை, இடம் இல்லை, அவர் சொன்ன சொல் இல்லை. இதை வைத்து எச்சரிக்கைக் கடிதம்கூட எழுத முடியாது. இப்படி எழுதுங்கள்:

"செவ்வாய் 14ஆம் திகதி, மாலை 6.40. இரண்டாம் மாடிப் பொது நடைபாதை. 23ஆம் இலக்க வீட்டில் இருப்பவர் என் கதவைக் காலால் மூன்று தரம் உதைத்தார். உதைக்கும்போதே '…' என்று கத்தினார். 21ஆம் இலக்கத்தில் இருப்பவர் கதவைத் திறந்து பார்த்தார். கதவின் அடியில் காலணித் தடம், படம் இணைத்துள்ளேன். மகள் மறுநாள் பள்ளிக்குப் போகப் பயந்து வீட்டில் நின்றாள்."

அந்தப் புள்ளிகள் இந்தத் தளத்தின் விதிக்காக நான் வைத்தது. கடிதத்தில் வைக்காதீர்கள். அவர் சொன்ன சொல்லை, சொன்ன மொழியில், முழுதாக எழுதுங்கள். கூச்சமாக இருக்கும், ஆனால் வழக்கு அந்தச் சொல்லில்தான் நிற்கிறது. 1998 குற்றம் மற்றும் ஒழுங்கின்மைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, குற்றம் நடக்கும்போதோ அதற்குச் சற்று முன்போ பின்போ இனப் பகைமை காட்டப்பட்டதா என்று கேட்கிறது. ஆகவே "உதைத்தார், திட்டினார்" போதாது. உதைக்கும்போதே திட்டினாரா, அரை மணி கழித்தா என்பது முக்கியம்.

பொலிஸ் இனக் கூறைப் பதியாமல் சாதாரணத் தாக்குதல் என்று பதிந்தால் இன்னொரு சிக்கல். சாதாரணத் தாக்குதலுக்கு ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். இனவெறியால் கடுமையாக்கப்பட்ட தாக்குதலுக்கு அந்தக் கெடு இல்லை. ஐந்தாம் மாதத்தில் "விசாரணை நடக்கிறது" என்றால், எந்தக் குற்றப் பிரிவில் பதிந்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

பலருக்குத் தெரியாத ஓட்டை ஒன்றும் உண்டு. அவர் தன் வீட்டுக்குள் நின்று, உங்கள் வீட்டுக்குள் இருக்கும் உங்களைப் பார்த்து ஜன்னல் வழியே கத்தினால், 1986 பொது ஒழுங்குச் சட்டத்தின் 4, 4ஏ, 5ஆம் பிரிவுகள் பொருந்தாது. இரு பக்கமும் வசிப்பிடத்துக்குள் என்றால் அந்தச் சட்டம் கையை எடுத்துவிடும். பொது நடைபாதையும் மாடிப்படியும் வசிப்பிடம் அல்ல, அங்கே பொருந்தும். அதனால்தான் யார் எங்கே நின்றார் என்று எழுதச் சொல்கிறேன். ஜன்னல் கத்தல் இரண்டு தரமோ மேலோ நடந்தால் 1997 தொந்தரவுத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஹவுசிங்கின் சிவில் அதிகாரத்துக்கு இந்த ஓட்டையே கிடையாது.

#5 தாழ்வாரம்

அந்தச் சிவில் அதிகாரத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல முடியுமா? "போலீஸ் விசாரணை முடியட்டும், அதுவரை நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது" என்ற பதில்தான் எங்கும் வருகிறது.

#6 நீலமை

அந்தப் பதில் பெரும்பாலும் சாக்கு. பொலிஸ் "இப்போது அவரோடு பேசாதீர்கள், சாட்சியம் கெடும்" என்று எழுத்தில் கேட்டிருந்தால் சில நாள் பொறுப்பதில் நியாயம் உண்டு. மற்றபடி ஹவுசிங்கின் பாதை தனிப்பாதை.

2014 சமூகவிரோத நடத்தைச் சட்டத்தின் முதலாம் பகுதி: கவுன்சிலும் அசோசியேஷனும் தாங்களே கோட்டில் இன்ஜங்ஷன் (இன்னது செய்யாதே என்ற தடை உத்தரவு) கேட்கலாம். குற்ற வழக்கில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். இங்கே "நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்" என்றால் போதும். வீடு சம்பந்தப்பட்ட தொல்லை என்றால் ஒருவர் தன் வீட்டில் இருப்பதற்கு இடைஞ்சல் தரக்கூடிய நடத்தை என்று காட்டினாலே போதும். பத்து வயதோ அதற்கு மேலோ ஆன எவர் மேலும் எடுக்கலாம், ஆகவே அந்த வீட்டுப் பையன்தான் செய்கிறான், வாடகை ஒப்பந்தம் தகப்பன் பெயரில் என்பது தடை அல்ல.

பயந்து பெயர் கொடுக்காத சாட்சிகள் இருப்பார்கள். சிவில் கோட்டில் கேள்விச் சாட்சியம், அதாவது பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்வது, செல்லும் (1995 சிவில் சான்றுச் சட்டம்). ஹவுசிங் ஆபிசர் "பெயர் சொல்ல விரும்பாத மூன்று குடியிருப்பாளர்கள் இதைச் சொன்னார்கள்" என்று தன் வாக்குமூலத்தில் எழுதலாம். நேரில் வரும் சாட்சிக்கு இருக்கும் கனம் அதற்கு இராது. ஆனால் படமும் பொலிஸ் குறிப்பு எண்ணும் சேர்ந்தால் நிற்கும்.

வன்முறையோ வன்முறை மிரட்டலோ, கணிசமான தீங்கு அபாயமோ இருந்தால் கைது அதிகாரத்தையும் அந்த உத்தரவோடு கேட்கலாம். அப்போது உத்தரவை மீறினால் பொலிஸ் பிடியாணை இல்லாமலே பிடிக்கும். அதே நிலையில் 13ஆம் பிரிவின்படி அவரை அவர் வீட்டிலிருந்தே விலக்கி வைக்கவும் கேட்கலாம். கேட்பவர்கள் அரிது. மீறல் கோட்டில் நிரூபணமானால் வளர்ந்தவருக்கு இரண்டு வருடம் வரை சிறை. அதோடு வீட்டைத் திரும்பப் பெறும் கட்டாயக் காரணமும் திறக்கிறது: கவுன்சிலுக்கு 1985 ஹவுசிங் சட்டத்தின் 84ஏ, அசோசியேஷனுக்கு 1988 ஹவுசிங் சட்டத்தின் 7ஏ. அந்தக் காரணத்துக்கு மீறல் நிரூபணமான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டால் பழைய விருப்புரிமைக் காரணத்தில்தான் போகலாம். அதில் நீதிபதி "இன்னொரு வாய்ப்பு கொடுக்கிறேன்" என்று சொல்ல இடம் உண்டு.

#7 கோப்புக்காரன்

நீலமை எழுதியதை மறுக்கவில்லை, ஆனால் வாசிப்பவர்கள் நாளைக்கே கோட்டுக்குப் போகலாம் என்று நினைத்துவிடக் கூடாது. தொல்லை செய்பவருக்கு மனநோயோ வேறு குறைபாடோ இருந்தால் 2010 சமத்துவச் சட்டம் அவருக்கும் காப்பு. நிறுவனம் "இது விகிதாசாரமான நடவடிக்கையா" என்று மதிப்பிட்டு எழுதி வைக்காமல் வீட்டைப் பறிக்கப் போனால் வழக்கு அங்கேயே விழும். அந்த மதிப்பீட்டைச் செய்தீர்களா என்று இரண்டாம் மாதமே கேளுங்கள், ஒன்பதாம் மாதம் அல்ல.

மத்தியஸ்தம் பற்றியும். வாகன நிறுத்த இடத்துக்கு மத்தியஸ்தம் நல்லது. இனவெறிக்கு அது பொருந்தாது. இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொல்லும் மேசை அது. பாதிக்கப்பட்டவர் எதை விட்டுக்கொடுப்பது, தோலையா? மறுத்தால் "ஒத்துழைக்கவில்லை" என்று கோப்பில் எழுதுவார்கள். ஆகவே மறுப்பை நீங்களே காரணத்தோடு எழுதி அனுப்புங்கள்.

#8 நீலமை

தோல் விடயம் சரி. 😐 விகிதாசாரமும் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அது வீட்டைப் பறிப்பதற்கு முன் செய்யும் வேலை. எச்சரிக்கைக் கடிதத்துக்கும் நடத்தை ஒப்பந்தத்துக்கும் அதைச் சாட்டிக் காத்திருக்கத் தேவையில்லை.

இன்னொன்று, எச்சரிக்கைக் கடிதம் எப்போது போகிறது என்பது. கடிதம் போகும் நாள்தான் ஆபத்தான நாள். கிளாஸ்கோவில் கவுன்சில் ஒரு வாடகைதாரரைக் கூப்பிட்டு எச்சரித்தது. அவர் கூட்டத்திலிருந்து போய்ப் பக்கத்து வீட்டுக்காரரைத் தாக்கிக் கொன்றார். கூட்டம் நடப்பதைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. 2009இல் பிரபுக்கள் சபை, கவுன்சிலுக்கு அப்படி எச்சரிக்கும் சட்டக் கடமை இல்லை என்று தீர்த்தது. அது ஸ்கொட்லாந்து வழக்குத்தான், ஆனால் இங்கும் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். சட்டம் தராததை, உங்கள் கேஸுக்கு ஹவுசிங் எழுதும் நடவடிக்கைத் திட்டத்தில் எழுதி வாங்குங்கள்: "எதிர்த்தரப்போடு பேசுவதற்கும் கடிதம் கொடுப்பதற்கும் குறைந்தது ஒரு நாள் முன் எனக்குத் தெரிவிக்கப்படும்."

#9 செங்கல்

எல்லோரும் கோட்டைப் பற்றி எழுதுகிறீர்கள், கதவைப் பற்றி யாரும் எழுதவில்லை. இன்று இரவு வீட்டில் படுப்பவருக்குக் கதவுதான் முதலில்.

கடிதத் துளை வழியாக எரியும் பொருளைப் போடுவதுதான் பெரிய பயம். துளையை உள்ளிருந்து பலகை வைத்து ஆணி அடிப்பது தவறு. ஃபிளாட்டின் வாசல் கதவு பெரும்பாலும் எஃப்.டி 30எஸ், அதாவது 30 நிமிடம் தீயையும் புகையையும் தாங்கச் சோதிக்கப்பட்ட கதவு. அதில் நீங்கள் துளை போட்டால், புதுப் பூட்டுக்காக வெட்டினால், கமராவுக்கு வயர் இழுத்தால், அந்தத் தாங்குதிறன் போய்விடும். பிறகு ஹவுசிங் உங்களுக்கே கடிதம் அனுப்பும். துளைக்குள் பொருத்தும் தீத்தடுப்புப் பெட்டி உண்டு, ஹவுசிங்கே பொருத்த வேண்டும். தீயணைப்புப் படையின் வீட்டுப் பாதுகாப்பு வருகையை இலவசமாகக் கேளுங்கள், "தீ வைப்பதாக மிரட்டல்" என்று சொன்னால் முன்னுரிமை கிடைக்கும். துளையை நிரந்தரமாக மூடி வெளியில் கடிதப் பெட்டி வைப்பது இன்னும் நல்லது.

கதவுச் சட்டகத்தில் பதிக்கும் இரும்புப் பட்டை, கதவுக் கண், தரைத்தளமென்றால் ஜன்னல் கண்ணாடியில் சிதறாத் தாள். இவை எல்லாம் ஒரு நாள் வேலை. "ரிப்பேர்" வரிசையில் போட்டால் பல வாரம் ஆகும். கேஸ் ஆபிசர் மூலம் "பாதுகாப்பு வேலை" என்று போடச் சொல்லுங்கள்.

சுவரில் எழுதினால் முதலில் படம்: ஒன்று தூரத்திலிருந்து, எந்தக் கதவு என்று தெரிய, ஒன்று கிட்ட, பக்கத்தில் ஒரு அளவுகோலோ பேனாவோ வைத்து. அதன் பிறகே துடைக்க விடுங்கள். வெறுப்பு எழுத்தை 24 மணி நேரத்தில் அழிப்பதாகப் பல நிறுவனங்கள் கொள்கையில் எழுதியிருக்கின்றன. அந்த வேகத்தில் ஆதாரமும் அழிந்துபோகும்.

அழைப்பு மணிக் கமரா வாங்குபவர்கள் எழுத்தில் அனுமதி கேளுங்கள். பொது நடைபாதையைப் படம் பிடித்தால் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். கோணத்தை உங்கள் கதவு முன் மட்டும் வையுங்கள், ஒலிப்பதிவு பற்றி ஒரு சிறு அறிவிப்பை ஒட்டுங்கள். இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு "எங்களை உளவு பார்க்கிறார்கள்" என்று முறைப்பாடு போடும்.

#10 மாடிப்படி

அதுதான் நடக்கிறது! நாங்கள் ஒரு முறைப்பாடு போட்டால் அவை மூண்டு போடுவினம். சமையல் மணம், பிள்ளையின்ர சத்தம், சாமி மணி. பிறகு ஹவுசிங் "ரெண்டு பக்கமும் குற்றச்சாட்டு" எண்டு கையை விரிக்கும்.

#11 கோப்புக்காரன்

எதிர்முறைப்பாட்டை விசாரிக்கத்தான் வேண்டும், ஆனால் தனிக் கோப்பில், தனி மதிப்பீட்டில். இரண்டையும் ஒன்றாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு பிரிஸ்டல் சாட்சி. மாற்றுத்திறனாளியும் ஈரானிய அகதியுமான பிஜான் எப்ராஹிமி பல வருடம் முறைப்பாடு செய்துகொண்டிருந்தார். அவரையே தொல்லைக்காரராகப் பார்த்தார்கள். 2013 ஜூலையில் அயலவர் ஒருவர் அவரைக் கொன்றார். 2017இல் வெளிவந்த பல்முகமை மீளாய்வு, கவுன்சிலிலும் பொலிஸிலும் நிறுவனமயமான இனவாதத்துக்குச் சான்று இருப்பதாகச் சொன்னது. உங்கள் கேஸில் "இவர் அடிக்கடி முறைப்பாடு செய்பவர்" என்ற வரி வந்தால், உங்கள் கோப்பின் பிரதியை தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி கேட்டு வாங்குங்கள். ஒரு மாதத்தில் தர வேண்டும், இலவசம்.

"டேட்டா ப்ரொடெக்ஷன், பொலிஸோடு பேச முடியாது" என்பதும் செல்லாது. 1998 குற்றம் மற்றும் ஒழுங்கின்மைச் சட்டத்தின் 115ஆம் பிரிவு குற்றத் தடுப்புக்காகத் தகவல் பகிரத் தெளிவாக அதிகாரம் தருகிறது.

#12 தாழ்வாரம்

வீடு மாறுவது பற்றி நான் எழுதுகிறேன். இதில் அவசரப்பட்டு நஷ்டப்படுபவர்கள் அதிகம்.

சாவியை ஒப்படைக்காதீர்கள். எவ்வளவு பயமாக இருந்தாலும், ஒப்பந்தத்தை நீங்களாக முடித்தால் கவுன்சில் "வேண்டுமென்றே வீடிழந்தவர்" என்று சொல்ல வழி கிடைக்கும். வேறிடத்தில் தங்கப் போங்கள், ஆனால் வீட்டை விடாதீர்கள். 1996 ஹவுசிங் சட்டத்தின் 177ஆம் பிரிவின்படி, அந்த வீட்டில் தொடர்ந்தால் உங்களுக்கோ குடும்பத்துக்கோ வன்முறை நேர வாய்ப்பு அதிகம் என்றால், வீடு இருந்தும் நீங்கள் வீடற்றவர். குடும்ப வன்முறை மட்டும்தான் என்று கவுண்டரில் சொல்வார்கள். சட்டம் அப்படி இல்லை, அயலவரின் வன்முறையும், நிறைவேறக்கூடிய மிரட்டலும் அடங்கும். இன்னொரு கவுன்சிலிலும் விண்ணப்பிக்கலாம். பழைய பகுதியில் வன்முறை அபாயம் இருந்தால் "உங்கள் ஊருக்கே போங்கள்" என்று திருப்பி அனுப்ப முடியாது.

ஹவுசிங்கே நிர்வாக இடமாற்றம் தந்தால், கையெழுத்துக்கு முன் மூன்று விஷயம். புது ஒப்பந்தம் அதே வகையா, இல்லை தொடக்கநிலை அல்லது காலவரை ஒப்பந்தமா? வாடகை சமூக வாடகையா, சந்தை வாடகையில் 80 வீதம் வரை போகும் வகையா? வீட்டை வாங்கும் உரிமை தொடருமா? பழைய வாடகைப் பாக்கி இருந்தால் இடமாற்றம் நிறுத்தப்படும் என்பார்கள். கொள்கையில் விதிவிலக்கு இருக்கும், எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு வீடுதான் காட்டுவார்கள். மறுப்பதென்றால் "தாக்கியவரின் உறவினர் அதே தெருவில்" போன்ற உருப்படியான காரணம் வேண்டும்.

வீட்டில் வன்முறை நடக்கும் என்ற பயத்தால் தற்காலிகமாக வேறிடத்தில் இருந்து, திரும்பும் எண்ணமும் இருந்தால், வீட்டு உதவித்தொகை இரண்டு இடத்துக்கும் 52 வாரம் வரை வரலாம். யுனிவர்சல் கிரெடிட் உதவித்தொகையிலும் 12 மாதம் வரை இதேபோல் உண்டு. கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.

#13 வடலி

நன்றி. ஹவுசிங் ஒன்றுமே செய்யவில்லை என்றால்? வழக்குப் போடலாமா?

#14 நீலமை

நிறுவனத்தின் மேல் நஷ்டஈட்டு வழக்கு கடினம். லான்காஸ்டர் நகர கவுன்சிலின் குடியிருப்பில் கடை வைத்திருந்தவர்கள் வருடக்கணக்கில் இனவெறித் தாக்குதலுக்கு ஆளாகி வழக்குப் போட்டார்கள். வாடகைதாரர்கள் செய்ததற்கு கவுன்சில் பொறுப்பல்ல என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998இல் சொல்லிவிட்டது.

அதனால் இரண்டு வழியை ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். முதலாவது முறைப்பாட்டு வழி. தொல்லையைச் சொல்வது சேவைக் கோரிக்கை, அதைக் கையாண்ட விதம் பிழை என்பதுதான் முறைப்பாடு. "இது முதல் கட்ட முறைப்பாடு" என்று தலைப்பில் எழுதாவிட்டால் கோரிக்கைக் குவியலில் போய்விடும். ஐந்து வேலை நாளில் ஏற்றுக்கொண்டதாகச் சொல்லி, அதிலிருந்து பத்து வேலை நாளில் பதில் தர வேண்டும். இரண்டாம் கட்டத்துக்கு அதே ஐந்து, பிறகு இருபது. அதன்பின் ஹவுசிங் ஒம்புட்ஸ்மன் (வீட்டு முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அதிகாரி), இலவசம். அயலவர் இனவெறியரா என்று ஒம்புட்ஸ்மன் தீர்ப்பதில்லை. நிறுவனம் தன் கொள்கைப்படி நடந்ததா என்றுதான் பார்ப்பார். ஆகவே உங்கள் மனுவில் "கொள்கையில் ஒரு வேலை நாள், எனக்கு 19 நாள்" என்ற மாதிரி வரிகள்தான் வெல்லும்.

இரண்டாவது, 2014 சமூகவிரோத நடத்தைச் சட்டத்தின் 104ஆம் பிரிவில் வரும் கேஸ் மீளாய்வு. கவுன்சில் இணையதளத்தில் படிவம் இருக்கும். ஆறு மாதத்தில் மூன்று முறைப்பாடு என்பதே பொதுவான எல்லை. வெறுப்புச் சம்பவத்துக்கு ஒன்றே போதும் என்று வைத்த பகுதிகளும் உண்டு. ஒவ்வொரு சம்பவத்தையும் நடந்து ஒரு மாதத்துக்குள் சொல்லியிருக்க வேண்டும். கவுன்சில், பொலிஸ், சுகாதாரத் துறை, ஹவுசிங் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார வேண்டியதால் "அவர்களிடம் போ, இவர்களிடம் போ" விளையாட்டு அங்கே ஓடாது.

#15 மாடிப்படி

நீலமை அக்கா, ஒரு கேள்வி. "கடந்த நாலு கிழமை சம்பவம் இல்லை, கேஸை மூடுறம்" எண்டு கடிதம் வந்தா?

#16 நீலமை

மூடுமுன் உங்களோடு பேசினார்களா என்று பாருங்கள். பேசவில்லை என்றால் அதுவே முறைப்பாட்டுக்குக் காரணம். சம்பவம் இல்லாததற்குக் காரணம் நீங்கள் பின் படிக்கட்டால் போய்வருவதும், பிள்ளையை விளையாட விடாததும் என்றால், அதை அப்படியே எழுதிப் பதில் போடுங்கள். கேஸ் நம்பரை மாற்ற விடாதீர்கள். அடுத்த சம்பவத்தைப் புது நம்பரில் திறந்தால் பழைய ஆறு சம்பவமும் கணக்கில் வராது, மறுபடி "முதல் சம்பவம்" ஆகிவிடும். "இன்ன நம்பர் கேஸை மீளத் திறக்கவும்" என்று கேளுங்கள்.

#17 மாடிப்படி

பின் படிக்கட்டு... அது சரியாச் சொன்னீங்கள். நன்றி அக்கா.